பாதி மீசைப் பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. வாட்ச்மேனிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பொடிசு வரை எல்லோருக்கும் அவர் 'சரி சார்'தான். யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். கணக்கு டீச்சர் லீவு, அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் சரி. தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துக் கிடக்கிறது, எடுத்துப் போடுங்கள் என்றால் சரி. எடுத்த பிறகு, அது எலி இல்லை, யாரோ தொலைத்த குல்லாய், அதை ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்று திட்டினால் அதற்கும் சரி.

எட்டு வருஷமாக அவர் தற்காலிக ஆசிரியர். தற்காலிகம் என்றால் கொஞ்ச காலம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வித் துறையின் அகராதியில் அதற்குப் பொருள் 'ஆள் போகும் வரை' என்பது. அவரும் மனைவியும் குடியிருந்தது மனைவியின் அண்ணன் வீட்டு மாடி அறையில். சமையல் கீழே, அண்ணி அடுப்பு ஒழியும் நேரம் பார்த்து. வேலை நிரந்தரமானால் ஆசிரியர் குடியிருப்பில் தனி வீடு கிடைக்கும். மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வரும் வழியில், பூட்டிக் கிடந்த அந்த வீட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். மச்சான் மட்டும் நாள் தவறாமல் மாடிப்படியில் நின்று, "என்ன மாப்பிள்ளை, ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்பார். அது விசாரிப்பா குத்தலா என்று அவருக்குத் தெரியும்; மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த நிலையில்தான் நற்குடிமைப் பண்பு வளர்ப்பு இயக்ககத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

அந்த இயக்ககத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாட்டில் பிள்ளைகளுக்கு நல்ல குடிமகனாகும் எண்ணம் குறைந்துவிட்டது என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசப் போக, உடனே ஒரு கட்டடம் கட்டி, அதில் ஒரு இயக்குநரை உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? போன வருஷம் 'எறும்பிடம் கற்போம்' என்று திட்டம் போட்டார். எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் எறும்பு வளர்க்க வேண்டும். எறும்பு நன்றாக வளர்ந்தது. அதற்கு மேல் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், இன்னும் சில பெஞ்சுகளில் உட்கார முடிவதில்லை.

இந்த வருஷம் எறும்பை விட்டுவிட்டு மனிதருக்கு வந்துவிட்டார்கள். 'விடுதலைப் போராட்டத் தியாகி வழியில் நற்குடிமை' என்பது திட்டத்தின் பெயர். தியாகி யாரென்றால், அந்த ஊர் நாற்சந்தியில் சிலையாக நிற்கும் 'முடியாது ஐயா'.

முடியாது ஐயா அந்நியர் ஆட்சியில் முடிதிருத்தும் தொழிலாளி. ஒருநாள் ஆளுநருக்கு மீசையை எடுத்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆள் அனுப்பி இவரை மாளிகைக்கு வரவழைத்தார். பாதி மீசை எடுத்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஆளுநர், அன்று காலை தாம் கையெழுத்துப் போட்ட உத்தரவைப் பெருமையாகச் சொன்னார்: தெருவில் நான்கு பேர் சேர்ந்து நின்றால் சிறை. முடிதிருத்துபவர் கத்தியை மடித்தார். "இதுக்கு மேல முடியாது" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மீதிப் பாதியை எடுக்க ஊரில் இருந்த அத்தனை கடைக்கும் ஆள் போனது. அத்தனை பேரும் முடியாது என்றார்கள். தானே மழித்துக்கொள்ள ஆளுநருக்குத் தெரியாது. அவர் கையால் செய்த வேலை கையெழுத்து ஒன்றுதான். மறுநாள் அணிவகுப்பில் பாதி மீசையோடு வந்து நின்றார். ஊர் சிரித்தது. ஜனங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்ட ஆட்சி அப்புறம் நிமிர்ந்து நிற்பதில்லை. தியாகிக்குப் பன்னிரண்டு வருஷச் சிறை.

இதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. இயக்ககத்தின் பாடநூல் குழு இதைப் படித்துவிட்டுக் கவலையில் ஆழ்ந்தது. "முடியாது என்பது எதிர்மறைச் சொல். பிஞ்சு மனதில் மறுப்பு வேர்விட்டால், நாளைக்கு வீட்டுப்பாடத்துக்கும் அதையே சொல்லும்" என்றார் ஒரு நிபுணர். மூன்று அமர்வு உட்கார்ந்து, பிஸ்கட் தீர்ந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'முடியாது' என்பதை 'முடிந்தது' என்று மாற்றினார்கள்.

"வரலாற்றுல நாங்க கைவைக்கவே இல்ல" என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார். "நடுவுல இருந்த ஒரு எழுத்தைத்தான் எடுத்தோம். அதுக்குப் பதிலா ரெண்டு எழுத்துக் குடுத்திருக்கோம். தியாகிக்கு நஷ்டமே கிடையாது."

புதிய பாடம் இப்படி இருந்தது: 'தியாகி அவர்கள் ஆளுநரின் மீசையை நேர்த்தியாகத் திருத்தி, "முடிந்தது, ஐயா" என்று பணிவுடன் கூறினார். எடுத்த வேலையை முடிப்பவரே நற்குடிமகன். பின்னர் தியாகி அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.' கடைசி வாக்கியத்தை மாற்றக் குழுவுக்கு மறந்துவிட்டது. பிஸ்கட் தீர்ந்தது காரணமாக இருக்கலாம்.

பள்ளிக்கு ஒரு 'நற்குடிமைப் பொறுப்பாசிரியர்' வேண்டும் என்று சுற்றறிக்கை கேட்டது. தலைமையாசிரியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மாமியார், இன்னொருவருக்கு இரண்டும். கடைசியில் எங்கே போய் நிற்பார்? டிராயிங் அறை வாசலில்தான்.

"உங்களுக்கு நல்ல காலம் மாஸ்டர். நிறைவு விழாவுக்கு இயக்குநரே வர்றாரு. நல்லா நடத்தினா, மேடையிலேயே உங்க நிரந்தர ஆணையைக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"சரி மேடம்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சரியை மனதாரச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்பில் பாடத்தை நடத்தி முடித்ததும் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. பஸ் டிரைவரின் மகள். "சார், ஒரு பாயிண்டு" என்று ஆரம்பிக்காமல் அவளுக்குப் பேச வராது என்பதால் பாயிண்டு என்றே பெயராகிவிட்டது.

"சார், ஒரு பாயிண்டு. அவரு மீசையை நல்லாத்தானே வெட்டினாரு? அப்புறம் ஏன் ஜெயில்ல போட்டாங்க?"

டிராயிங் மாஸ்டர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையில் கொடி இருந்தது, பதில் இல்லை. தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டார். அவர் முகம் வெளுத்து, "கேள்வியெல்லாம் கேக்கற மாதிரியா பாடம் நடத்துவீங்க?" என்றார். ஆனாலும் இயக்ககத்துக்கு எழுதிக் கேட்டார். ஒரு வாரத்தில் விளக்கம் வந்தது. தியாகி சிறையில் அடைக்கப்படவில்லை; சிறைவாசிகளுக்கு முடிதிருத்துவதற்காகப் பன்னிரண்டு வருஷ டெபுடேஷனில் அனுப்பப்பட்டார். போக வர செலவு அரசே ஏற்றுக்கொண்டது.

"டெபுடேஷன்னா ஏன் சார் புத்தகத்துப் படத்துல விலங்கு மாட்டியிருக்காங்க?" என்றாள் பாயிண்டு.

"அது வந்தும்மா... கை முக்கியம் இல்லியா அவருக்கு. கைக்கு ஒரு பாதுகாப்பு."

சொல்லி முடித்ததும் அவருக்கே நாக்கு கூசியது. அவர் பல பேருக்குப் பயந்தவர்தான்; ஆனால் பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை. அந்தப் பெண்ணோ, பாவம் சார், அவருக்கும் தெரியாது போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

இதற்கிடையில் நாற்சந்திச் சிலைக்கும் வேலை நடந்தது. சிலையின் கையில் சவரக் கத்தி இருந்தது. கூர்மையான பொருள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அதை எடுத்துவிட்டுச் சீப்பு வைத்தார்கள். சீப்பை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் வெறுங்கை நீட்டிக்கொண்டிருந்தது, பார்த்தவர்களுக்கு ஏதோ யாசகம் கேட்பதுபோல் தோன்றியது. ஆகவே கையை முழங்கையோடு அறுத்து நெற்றிக்கு நேராக ஒட்டி, சல்யூட் அடிக்க வைத்துவிட்டார்கள். ஆளுநருக்கே சலாம் போடாத மனுஷர் இப்போது போகிற வருகிற குப்பை லாரிக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது சின்னம். ஒவ்வொரு பிள்ளையும் 'தியாகியின் அடையாளமான பாதி மீசை' அணிந்து வர வேண்டும் என்று உத்தரவு. பாதி மீசை தியாகிக்கு இல்லை, ஆளுநருக்கல்லவா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டிராயிங் மாஸ்டருக்குத் தோன்றியது. வாய் வரைக்கும்கூட வந்தது. "சரி மேடம்" என்று வெளியே விழுந்தது.

பெண் பிள்ளைகளும் உண்டா என்று கேட்டார்கள். நற்குடிமைக்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை என்று பதில் வந்தது. முந்நூறு மேலுதட்டிலும் தினமும் காலையில் மீசை வரைகிற வேலை யாருக்கு வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரியும் பசையும் குழைத்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் வரிசையாக வந்து முகத்தை நீட்டும். சில வாண்டுகள் சரியாகப் பாதி வரையும்போது தும்மும். அன்றைக்கு அதற்குத் தாடி.

இடது பக்கமா வலது பக்கமா என்பதை இயக்ககம் சொல்லவில்லை. கேட்டதற்கு 'இடது' என்று காலையில் உத்தரவு வந்தது. அது அணிபவரின் இடதா, பார்ப்பவரின் இடதா என்று வேறொரு பள்ளி கேட்டுத் தொலைக்க, மத்தியானம் 'வலது' என்று திருத்தம் வந்தது. காலையில் வரைந்தது இடப்பக்கம் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வலப்பக்கமும் வரைந்தார். பள்ளி முழுக்க முழு மீசையோடு வீட்டுக்குப் போனது. அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்கில் முடியும் என்பார்கள், இது மீசை வைத்த குரங்கில் முடிந்தது.

விழா நாள் வந்தது. மைதானத்தில் மேடை, மேடைக்குக் கீழே பெற்றோர்கள், பக்கவாட்டில் முந்நூறு பாதி மீசை. மேடையில் தியாகியின் வாழ்க்கை நாடகம். உரக்கப் பேசக்கூடிய ஒரே பிள்ளை என்பதால் தியாகி வேஷம் பாயிண்டுக்கு. ஆளுநர் வேஷத்துக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பையனைப் பழக்கி வைத்திருந்தார்கள். அவனுக்காக மேடை நடுவில் ஒரு மெத்தை வைத்த நாற்காலி.

இயக்குநர் வந்தார். தன்னைவிட ஒரு தலை உயரமான பி.ஏ. ஒருவரைப் பின்னால் அழைத்து வந்தார். மேடை ஏறியதும் பி.ஏ. தலைமையாசிரியையின் காதில் சொன்னார்: "மேடையில நல்ல நாற்காலி அது ஒண்ணுதான் இருக்கு. சார் அதைவிடக் கம்மியான நாற்காலியில உக்கார விதியில இடமில்ல."

"அது ஆளுநருக்கு..."

"அப்ப சாரே ஆளுநரா இருந்துட்டுப் போகட்டும்."

இப்படித்தான் இயக்குநர் ஆளுநரானார். சின்னமும் வேண்டுமே? வழுவழுவென்று சவரம் செய்த முகம். கரியும் பசையும் அவருக்கு ஆகாது என்று தலைமையாசிரியை கடையிலிருந்து விலை உயர்ந்த மை பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தார். டிராயிங் மாஸ்டர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இயக்குநரின் வலது மேலுதட்டில் அழகான பாதி மீசை வரைந்தார். வரைந்து முடித்து மூடியைப் போடும்போதுதான் பேனாவின் மேல் அச்சிட்டிருந்ததைப் பார்த்தார்: 'நிரந்தர மை'. அந்தப் பள்ளியில் எட்டு வருஷத்தில் அவர் கண்ணால் பார்த்த முதல் நிரந்தரம் அது.

பாதி மீசையோடு மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார் இயக்குநர். கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடகத்துக்கு முன்னால் அவர் மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைகளே! சுதந்திரம்னா என்ன? சொன்னதைச் செய்யறதுக்கு நமக்குக் கிடைச்ச உரிமை. முன்னே அந்நியன் சொன்னதைச் செஞ்சோம். அது அடிமைத்தனம். இப்ப நம்ம ஆளு சொல்றதைச் செய்யறோம். அதுதான் விடுதலை. இந்த வித்தியாசத்துக்காகத்தான் தியாகிங்க ரத்தம் சிந்தினாங்க. என்னையே எடுத்துக்குங்க. எனக்கு மேல இருக்கறவங்க சொன்ன எதையும் நான் இதுவரைக்கும் ஏன்னு கேட்டதில்ல. இன்னிக்கு எங்க உக்கார்ந்திருக்கேன் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நாடகம் தொடங்கியது. பாயிண்டு தோளில் துண்டு, கையில் சீப்போடு வந்தாள். இல்லாத மீசைக்கு ஒருமுறை, இருக்கிற பாதிக்கு ஒருமுறை சீப்பை ஓட்டினாள். "முடிந்தது, ஐயா" என்று எழுதிக் கொடுத்தபடியே சொன்னாள். அடுத்து, இயக்ககம் அனுப்பிய வசனத்தாளில் உள்ளபடி, 'காவலர்கள் தியாகியை டெபுடேஷனுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அனைவரும் மகிழ்ச்சியுடன் காணப்படுகிறார்கள்.' இரண்டு பையன்கள் காகித விலங்கோடு, பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

பாயிண்டு கையை நீட்டவில்லை. ஆளுநர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஒரு பாயிண்டு. மீசையை நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டேன்ல? அப்புறம் எதுக்கு என்னைப் புடிக்கிறாங்க?"

மேடையின் ஓரத்தில் நின்றிருந்த டிராயிங் மாஸ்டருக்குப் பூட்டிய வீட்டின் சமையலறை கண்ணெதிரே ஒருமுறை வந்து போனது.

"டெபுடேஷன்மா" என்றார் இயக்குநர் மெல்ல.

"நான் கேக்கவே இல்லியே ஐயா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே காக்கி உடுப்போடு கடைசி வரிசையில் நின்ற பஸ் டிரைவர், மகள் தடுமாறுகிறாளே என்ற தவிப்பில் கைகளை வாயில் குவித்துக் கத்தினார்: "கண்ணு! அவரு 'முடியாது'ன்னு சொன்னாரும்மா! அதான் புடிச்சாங்க! எங்க காலத்துல அப்படித்தான் பாடம்!"

"ஆமா, ஆமா!" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. இயக்குநருக்கு வேர்த்தது. இத்தனை பேர் முன்னால் பின்வாங்கினால் மரியாதை என்ன ஆவது? எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அமைதி! அந்தச் சொல்லுக்கு நாங்க விரோதி இல்ல. அனுமதி வாங்கிச் சொன்னா அதுவும் நற்குடிமைதான். இதோ, இந்த மேடையிலேயே அனுமதி குடுக்கறேன். எங்கேம்மா, என் உத்தரவு. 'முடியாது'ன்னு சொல்லு!"

பாயிண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள்.

"முடியாது" என்றாள்.

கைதட்டல் மைதானத்தையே அள்ளிக்கொண்டு போனது. இயக்குநரும் சிரித்தபடி கைதட்டினார். அப்போது பி.ஏ. குனிந்து அவர் காதில் கேட்டார்: "சார், இப்ப அது சொல்லுச்சா, மறுத்துச்சா?"

இயக்குநரின் கை பாதியில் நின்றது.

ஐந்து நிமிஷத்தில் தலைமையாசிரியை அறையில் அவசரக் கூட்டம். டீ வந்தது.

"சொல்லச் சொன்னீங்க. சொன்னா. கீழ்ப்படிதல்" என்றார் பி.ஏ.

"நான் சொல்லச் சொன்னேன். அவ முடியாதுன்னுட்டா. மறுப்பு" என்றார் இயக்குநர்.

"மறுக்கறதா இருந்தா வாயைத் திறக்காம இருந்திருக்கணுமே சார். திறந்து, நீங்க சொன்ன சொல்லையே சொன்னாளே?"

"அந்தச் சொல்லே மறுப்புதானேய்யா!"

"மறுப்பைச் சொல்லச் சொன்னது நீங்கதானே சார்?"

தலைமையாசிரியை இரண்டு பக்கமும் தலையாட்டி, கழுத்து வலி வந்து உட்கார்ந்துவிட்டார். விதி தெளிவாக இருந்தது: கீழ்ப்படிந்தால் பாராட்டுச் சான்றிதழ், மறுத்தால் பள்ளியிலிருந்து நீக்கம். எது என்று தெரியாமல் இரண்டில் எதையும் கொடுக்க முடியாது. இயக்குநருக்கோ அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்ததே பாதி மீசைதான். அவர் டிராயிங் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே பொறுப்பாசிரியர்? அந்தப் பொண்ணைத் தினம் பாக்கறவர். நீங்க சொன்னா அதுதான் முடிவு." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "உங்க நிரந்தர ஆணை. இன்னும் தேதி போடல. 'மறுத்தாள்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுடலாம்."

ஜன்னல் பக்கம் கசமுசவென்று ஏதோ கேட்டது. கம்பிகளுக்கு வெளியே, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிள்ளைகள் அப்பிக்கொண்டு நின்றன.

டிராயிங் மாஸ்டருக்கு அழுகை வரும்போல் இருந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா? வீடு வேண்டும். அவளுக்கென்று ஓர் அடுப்பு வேண்டும். அதற்கு ஒரு வார்த்தைதான். எட்டு வருஷமாக எத்தனை வார்த்தை சொல்லியிருக்கிறார்! ஆனால் அந்தப் பெண் வேறெந்தப் பள்ளிக்குப் போவாள்? நீக்கப்பட்ட பிள்ளையை எவன் சேர்ப்பான்? விலங்கு கைக்குப் பாதுகாப்பு என்று சொன்ன நாக்கு வாய்க்குள் கனத்தது.

"சொல்ல முடியாது சார்" என்றார்.

பி.ஏ. பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "சார், 'சொல்ல முடியாது'ன்னா, எதுன்னு தெரியலன்னு அர்த்தமா, இல்ல..."

"அதானே கேக்கறேன்" என்றார் இயக்குநர். அவர் குரலில் கொஞ்சம் தயவுகூட இருந்தது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க மாஸ்டர். அதுக்கு விதியில இடமிருக்கு. நாங்களே மறுப்புன்னு எழுதிக்கறோம். உங்களுக்கும் பாதகமில்ல, ஆணையும் வாங்கிட்டுப் போகலாம்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்து பழகியவருக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. "சரி" என்ற சொல் தொண்டை வரை வந்தும் விட்டது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"தெரியாம இல்ல சார். சொல்ல மாட்டேன்."

தலைமையாசிரியை "ஐயோ!" என்றார். தாம் சொன்னதைக் கேட்டு டிராயிங் மாஸ்டரே திடுக்கிட்டுப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பி.ஏ. விதித் தொகுப்பை அவசரமாகப் புரட்டினார். "சார், ஒரு சிக்கல். மறுக்கறதுக்கு அங்கீகாரம் உள்ள சொல் 'முடியாது' ஒண்ணுதான். அதுவும் நீங்க இப்ப மேடையில வாய்மொழியாக் குடுத்தது. 'மாட்டேன்' இதுல எங்கயுமே இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"இல்ல சார்" என்றார் டிராயிங் மாஸ்டர். இப்போது அவருக்கு ஏனோ பயம் விட்டுப்போயிருந்தது. "முடியாதுன்னா, செய்ய வழியில்லன்னுகூட எடுத்துக்கலாம். மாட்டேன்னா, வழியிருக்கு, செய்யறதா இல்ல."

இயக்குநர் எழுந்தார். கோபத்தில் உதடு துடித்தபோது பாதி மீசையும் சேர்ந்து துடித்தது. ஜன்னலைப் பார்த்துக் கைநீட்டினார்.

"நீங்க இல்லாட்டிப் போங்க. இத்தனை சாட்சி இருக்கு! டேய், நீங்கள்லாம் பார்த்தீங்கல்ல? சொல்லுங்கடா, அவ மறுத்தாளா இல்லியா?"

பிள்ளைகளுக்குத் தியாகமும் தெரியாது, விதியும் தெரியாது. சரி சார் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று அவர்கள் கனவிலும் கண்டதில்லை, அந்தக் குஷிதான். முந்நூறு பாதி மீசையும் ஒரே குரலில் கூவின:

"சொல்ல மாட்டோம் சார்!"

பாயிண்டுதான் முதலில் கத்தினாள் என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். அவளோ தான் முதலில் கத்தவேயில்லை, கடைசியில்தான் சேர்ந்துகொண்டதாகச் சாதித்தாள்.

'மாட்டேன்' என்ற சொல்லுக்கு என்ன தண்டனை என்று கேட்டுக் கோப்பு அன்று மாலையே மேலிடத்துக்குப் போனது. அது இறங்கி வரும் வரையில் அந்தப் பெண்ணைப் பள்ளியை விட்டு நீக்க வழியில்லையாம். டிராயிங் மாஸ்டரை வேலையை விட்டு அனுப்பவும் வழியில்லை, நிரந்தரமாக்கவும் வழியில்லை. கவர் திரும்பச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. இயக்குநர் முகம் கழுவ உள்ளே போனவர் அரை மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு காரில் ஏறினார். தெரு முழுக்க ஜனங்கள் நின்று வழியனுப்பினார்கள். நான்கு பேருக்கு மேலேயே இருக்கும்.

வீட்டு வாசலில் மனைவி வேலையிலிருந்து சீக்கிரமே வந்து காத்திருந்தாள். அவர் வெறுங்கையைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. மாடிக்குப் போனதும் கேட்டாள்.

"குடுக்கலியா?"

"இல்ல. அந்தப் பஸ் டிரைவர் பொண்ணை மாட்டிவிடச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தச் சமையலறை போயே போய்விட்டது. கண் கலங்கியது. அவளுக்குக் கோபம்தான், இல்லை என்று சொன்னால் பொய். எட்டு வருஷம் காத்திருந்தது அவளும்தானே! ஆனால் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று கிளம்பி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா? அந்த ஆளு மூஞ்சிக்கு நேராவா?"

"ம்."

"எங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"மாட்டேன்."

அவள் முறைத்தாள். சொல்லிக் காட்டினாரா, காட்ட மறுத்தாரா என்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தாள், எறிந்துவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள். அவருக்கும் அடக்க முடியவில்லை.

கீழேயிருந்து மச்சானின் குரல் வந்தது: "மாப்பிள்ளை! சிரிப்பெல்லாம் பலமா இருக்கே, ஏதாவது தகவலா? அப்படியே இறங்கி வந்து தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு, என் வண்டியையும் கொஞ்சம் தொடைச்சு விட்டுடுங்க!"

டிராயிங் மாஸ்டர் பழக்கதோஷத்தில் எழுந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். படிக்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அவர் மாட்டாராம் அண்ணா!" என்றாள்.

கீழே மச்சானின் செருப்பு மெதுவாகச் சரசரத்துக்கொண்டு போனது. பிறகு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.